ஜூரோங்: எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

2001 நவம்பரில் நடந்த சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலில், ஜூரோங் குழுத்தொகுதியில் மக்கள் செயல் கட்சி நிறுத்திய அணியில் இரண்டு புதுமுகங்கள் இருந்தார்கள். ஒருவர், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசில் சட்டப் பணியாற்றி வந்த ஹலிமா யாக்கோப். மற்றவர், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் பதவியை விட்டு வந்த தர்மன் சண்முகரத்னம். பதினாறு ஆண்டுகள் கழித்து ஹலிமா நாட்டின் அதிபரானார். அவருக்கு அடுத்து, 2023 செப்டம்பரில், 70.4 சதவீத வாக்குகளோடு தர்மன் அதிபரானார். ஒரே தொகுதியில் அரசியலுக்குள் காலெடுத்து வைத்த இருவர் அடுத்தடுத்து நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்ததைத் தற்செயல் என்று சொல்லலாம். ஒரு சீனர்ப் பெரும்பான்மைத் தொகுதியின் அணியில் ஒரு மலாய்ப் பெண்மணியும் ஒரு தமிழரும் சேர்ந்து நின்றதை அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1988இல் கொண்டுவரப்பட்ட குழுத்தொகுதி முறைப்படி, ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவராவது வேட்பாளராக இருந்தாக வேண்டும்.

ஹலிமாவின் தந்தை இந்திய முஸ்லிம், தாயார் மலாய்க்காரர். 2017 அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், அவர் மலாய்க்காரர்தான் என்று ஒரு குழு சான்றளிக்க வேண்டியிருந்தது. அப்போது அதைப் பற்றிப் பலரும் கேள்வி எழுப்பினார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்ற நான்கு கட்டங்களில் ஒன்றில் ஒவ்வொரு குடிமகனையும் வைத்துப் பார்ப்பது சிங்கப்பூர் நிர்வாகத்தின் அடிப்படை வழக்கம். பள்ளியில் படிக்கும் தாய்மொழி, சம்பளத்திலிருந்து எந்தச் சமூக உதவி அமைப்புக்குச் சந்தா பிடிக்கப்படும் என்பது, எந்தப் புளோக்கில் வீடு வாங்கலாம் என்பது எல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்தே முடிவாகின்றன. இந்த நிர்வாகம் எப்படி இயங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஒரே வட்டாரத்தில் வைத்துப் பார்க்க ஜூரோங்கைப் போல் பொருத்தமான இடம் தீவில் வேறில்லை என்பது என் கருத்து. இங்கே நிலமும் செய்யப்பட்டது, அக்கம்பக்கமும் செய்யப்பட்டது.

தீவின் தென்மேற்கில், ஜூரோங் ஆற்றின் கரைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் கேம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். மண் களைத்துப் போனதும் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. கரையோரம் அலையாத்திச் சதுப்பு. அதில் கரை கட்டி இறால் வளர்த்தார்கள். உள்ளே சீன விவசாயக் கம்பங்கள் (கிராமங்கள்), செங்கல் சூளைகள். முகத்துவாரத்துத் தீவுகளிலும் துவாஸ் கரையிலும் மீன்பிடி ஊர்கள். 1950களில் யுனான் மேட்டில் ஹொக்கியன் சங்கம் கொடுத்த 523 ஏக்கரில் நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்தது. காலனி ஆட்சியில் நகரத்துக்கு நகராட்சி இருந்தது. ஜூரோங் போன்ற பகுதிகளைக் கிராம வாரியம் பார்த்துக்கொண்டது. பார்த்துக்கொண்டது என்பதே சற்று மிகை. சாலையும் தண்ணீரும் மருத்துவமும் எட்டாத நெடுந்தூரம் அது.

1959இல் சுயாட்சி வந்தபோது வேலையில்லாத் திண்டாட்டம்தான் புதிய அரசின் முதல் தலைவலி. 1960இல் டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் வந்த ஐக்கிய நாடுகள் குழு, தொழில்மயமே வழி என்றது. 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங்கைத் தேர்ந்தெடுத்தார். ஆழமான கடலோரம், அதிகம் ஆளில்லாத பரந்த நிலம், அதில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம் ஆகியவை காரணங்கள். குன்றுகளை வெட்டி அந்த மண்ணாலேயே சதுப்பை நிரப்பினார்கள். முதல் சில ஆண்டுகளில் ஆலைகள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தன. ‘கோவின் மடமை’ என்று ஊரார் பேசினார்கள். தேசிய இரும்பு எஃகு ஆலை, ஜப்பானிய நிறுவனத்தோடு கூட்டாக 1963இல் அமைந்த ஜூரோங் கப்பல் பட்டறை, 1965இல் துறைமுகம் என்று மெல்ல மெல்ல ஊர் நிமிர்ந்தது. 1968 முடிவதற்குள் 150க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அங்கே முன்பே இருந்தவர்களின் கதையை இந்த வெற்றிக் கதை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். 1966இல் நிறைவேறிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்குப் பெரும் அதிகாரம் கொடுத்தது. விவசாயிகளும் இறால் குட்டைக்காரர்களும் தீவு மீனவர்களும் இழப்பீடு வாங்கிக்கொண்டு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கப்பல் பட்டறை எழுந்த புலாவ் சமுலுன் மீனவர் வாழ்ந்த தீவு. பிற்காலத்தில் ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து உருவாக்கிய, 2000இல் திறக்கப்பட்ட ஜூரோங் தீவில் இன்று பெட்ரோலிய வேதி ஆலைகள் இருக்கின்றன, குடியிருப்பவர் யாருமில்லை.

1968 ஜூன் 1 அன்று ஜூரோங் நகரக் கழகம் பிறந்தது. இன்று ஜேடிசி என்று எல்லோரும் அழைக்கும் அந்த அமைப்பு, ஒரு முழு ஊரையே நடத்தியது. ஆலைக்கு நிலம் கொடுப்பது, துறைமுகம் ஓட்டுவது, தொழிலாளர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவது, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய் வரப் பூங்கா அமைப்பது எல்லாம் அதன் வேலை. 1971இல் பறவைப் பூங்கா, 1973இல் ஜப்பானியத் தோட்டம், 1975இல் சீனத் தோட்டம் வந்தன. ஆலை வந்தும் குடும்பங்கள் வரத் தயங்கியதால், இவற்றுக்கு அவசியம் இருந்தது. தாமான் ஜூரோங்கில் கட்டிய முதல் வீடுகள் பல ஆளில்லாமல் கிடந்தன. நகரத்திலிருந்து பேருந்தில் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவே பலரும் விரும்பினார்கள்.

இந்தக் காலத்து ஜூரோங்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நகரத்தின் பழைய வரைபடம் இனவாரியாக வகுக்கப்பட்டது. 1822இல் ராஃபிள்ஸ் வகுப்பித்த திட்டத்தில் சீனருக்கு ஒரு பக்கம், மலாய்க்காரருக்கும் அராபியருக்கும் ஒரு பக்கம், தமிழருக்குச் சூலியாக் கம்பம் என்று தனித்தனியே கோடு போட்டார்கள். ஜூரோங்கின் புதிய குடியிருப்பில் அப்படிப்பட்ட கோடு இல்லை. வேலைதான் ஆட்களைச் சேர்த்தது. ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே தாழ்வாரத்தில் குடியிருந்தார்கள். அதன் விலையையும் சேர்ந்தே கொடுத்தார்கள். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டார்கள். சிங்கப்பூரின் தொழில் விபத்துகளில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. இந்த ஊரைத் தொழிலாளர் கட்டினார்கள் என்று சொல்லும்போது அந்த எண்ணையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1982இல் ஜேடிசியின் வீடுகள் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கைக்குப் போயின. அதன்பின் ஜூரோங்கும் மற்றப் புதுநகர்களைப் போல ஒரு வீவக நகரம். 1988இல் ஜூரோங் கிழக்குக்குப் பெருவிரைவு ரயில் வந்தது. அதே ஆண்டில் நகர மன்றச் சட்டமும் நிறைவேறியது. மின்தூக்கி, நடைபாதை, குப்பை, கீழ்த்தளத்தில் கல்யாணத்துக்கோ இறுதிச்சடங்குக்கோ இடம் கொடுப்பது என அன்றாட நிர்வாகம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலைமையிலான நகர மன்றங்களுக்கு வந்தது. புளோக்கின் கீழ்த்தளம்தான் இந்த ஊரின் உண்மையான பொது மண்டபம். சனிக்கிழமை மலாய்த் திருமணம், மறுவாரம் சீனர் வீட்டு ஈமச்சடங்கு. ஜூரோங் கிழக்கில் முருகன் கோயில். தாமான் ஜூரோங்கில் அஷ்ஷாகிரின் பள்ளிவாசல்.

இந்தக் கலப்பு தானாக நிலைத்திருக்கும் என்று அரசு நம்பவில்லை. 1964 இனக் கலவரங்களை நேரில் கண்ட தலைமுறை அது. வீடுகளை மறுவிற்பனை செய்யும் சுதந்திரம் வளர வளர, ஒரே இனத்தவர் சில பேட்டைகளில் சேரத் தொடங்கினார்கள். 1989 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் சு. தனபாலன் இதைப் பகிரங்கமாகப் பேசினார். பிடோக், தெம்பனிசில் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என்று அவர் காட்டிய இடங்களில் ஜூரோங் இல்லை. ஆனால் 1989 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை எல்லா நகரங்களுக்கும் ஒன்றாகவே பொருந்தியது. ஒரு பேட்டையில் சீனர் 84 சதவீதம், மலாய்க்காரர் 22, இந்தியரும் பிறரும் சேர்ந்து 10. ஒரு புளோக்கில் முறையே 87, 25, 13. 2010இல் இந்தியர் மற்றும் பிறருக்கான வரம்பு 12, 15 என உயர்த்தப்பட்டது. நிரந்தரவாசிகளான இந்தியர் வரத்து கூடி, 1990இல் 7.1 சதவீதமாக இருந்த இந்தியர் பங்கு 2010க்குள் 9.2 ஆகியிருந்தது.

இந்தக் கொள்கையைத் தமிழ்க் குடும்பம் எங்கே உணர்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருக்கும் சீனர் தன் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. தமிழர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோரில் பெரும்பான்மையானவர்கள் சீனர்கள் என்பதால், அவருக்குக் கிடைக்கும் ஆட்கள் சொற்பம், விலையும் குறையும், பல மாதம் காத்திருக்கவும் நேரும். ஆக, பெரும்பான்மையினர் குவிவதைத் தடுக்கப் போட்ட வரம்பின் செலவைச் சிறுபான்மையினர் தங்கள் வீட்டு விலையில் கட்டுகிறார்கள். அந்தப் பாரத்தை அரசும் ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில், உண்மையாகவே விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவரே 2020 வரை ஜூரோங் குழுத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர்.

இந்தக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன். அதன் செலவு நியாயமாகப் பங்கிடப்பட முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆனது தவறு. ஆனால் இங்கே கலந்து வாழும் வாழ்க்கை வெறும் வாய்ப்பேச்சாக இல்லை. இனவாரியாகப் பிரிந்த நகரங்கள் உலகமெங்கும் எப்படி எரிந்தன என்பதைப் பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதில் அரசு தலையிடுவதை எளிதில் பழிக்க மாட்டார்கள். தாமான் ஜூரோங் வட்டாரத்தில் ஒரு தமிழர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2015 தேர்தலில் அவர் தலைமையிலான அணி 79 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். சட்டம் அவரை வேட்பாளராக்கியது. அந்த அளவு வாக்கைச் சட்டம் வாங்கித் தர முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜூரோங் மேற்கில் 2.6 லட்சம் பேர், ஜூரோங் கிழக்கில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் என்று வரும் எண்களும் அவர்களைத்தான் குறிக்கின்றன. இந்த இரண்டு பகுதிகளின் விளிம்பில், பெஞ்சுரு, தோ குவான், ஜாலான் பாப்பான், துவாஸ் என்று நீளும் தங்குவிடுதிகளில் இன்னொரு ஜூரோங் இருக்கிறது. அங்கே பங்களாதேஷ்காரர்களும் சீன நாட்டவரும் மியன்மார்காரர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மிகப் பலர். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்ப்பெயர்களை ஒரு விடுதி வாசலில் மாலை ஏழு மணிக்கு நின்றால் கேட்கலாம். பாரம்பரியமாக ஆள் வந்த மலேசியாவைத் தாண்டி, இந்தியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து 1970களின் இறுதியில் தொழிலாளர்களை எடுக்கத் தொடங்கியதன் தொடர்ச்சி இது.

கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் வேலை பெர்மிட்டில் பணிபுரியும், மலேசியர் அல்லாதவர்கள் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. குடும்பத்தை அழைத்துவர முடியாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஒரு புளோக்கில் எத்தனை இந்தியர் இருக்கலாம் என்று கவனமாகக் கணக்கிடும் நிர்வாகத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. எந்தச் சதவீதத்திலும் இவர்கள் வருவதில்லை. நகர மன்றம் இவர்களுக்கு இல்லை. குடியிருப்பாளர் குழு இல்லை. வாரந்தோறும் மக்களைச் சந்திக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இவர்கள் வாக்காளர் இல்லை. இவர்களுடைய நிர்வாகம் முதலாளி, விடுதி நடத்துநர், மனிதவள அமைச்சு ஆகிய மூவர் கையில்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவில் ஒரு தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் இறந்தார்; அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. லிட்டில் இந்தியாக் கலவரம் என்று வரலாறு அதை அழைக்கிறது. அந்தப் பேருந்து போக வேண்டிய இடம் ஜூரோங்கின் ஜாலான் பாப்பான் விடுதி என்பது அதிகம் பேசப்படாத விவரம். தேக்காவையும் ஜூரோங்கையும் இணைத்தது அந்தப் பேருந்து வழித்தடம்தான். ஞாயிறன்று தேக்கா தமிழ்நாட்டுக் கிராமச் சந்தையாக மாறியதற்குக் காரணம் ஜூரோங்கில் அவர்களுக்கு எதுவும் இல்லாமல் போனது. விடுதி தொழிற்பேட்டையில், கடையும் கோயிலும் நண்பனும் காசு அனுப்பும் இடமும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் தந்த அறிக்கை, வாழ்க்கை நிலைமை மீதான அதிருப்தி கலவரத்துக்குக் காரணமில்லை என்றது. குழுவின் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் தொழிலாளர்கள் எல்லோரும் வாரம் ஒருமுறை இன்னொரு வட்டாரத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டுத் திரும்ப ஏற்றி வரப்படுகிற ஏற்பாடு, ஒரு நகரத் திட்டமிடல் குறை. பெஞ்சுருவில் 2016இல் திறக்கப்பட்ட பொழுதுபோக்கு மையம் அதற்கு ஒரு பதில். நல்ல பதில்தான், ஆனால் அது அவர்களை விடுதிப் பக்கத்திலேயே வைத்திருக்கும் பதிலும்கூட.

2020 ஏப்ரல் 5 அன்று கொவிட்-19 கிருமிக்காகத் தனிமைப்படுத்தப்பட்ட முதல் இரண்டு விடுதிகளில் ஒன்று ஜூரோங் கிழக்கின் வெஸ்ட்லைட் தோ குவான். அங்கே 6,800 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது: சுமார் 1,52,000 பேர். வெளியே சமூகத்தில் தொற்று மிகச் சொற்பம். ஒரே தீவு, ஒரே கிருமி, இரண்டு எண்ணிக்கைகள். நாள்தோறும் வெளிவந்த அறிக்கையிலும் ‘சமூகம்’, ‘விடுதி’ என்று இரு பத்திகள் இருந்தன. மருத்துவக் கவனிப்பு சிறப்பாக இருந்தது, சம்பளம் தொடர்ந்து கிடைக்க அரசு முனைந்தது, உயிரிழப்பு மிகக் குறைவு என்பதையெல்லாம் நன்றியோடு சொல்ல வேண்டும். ஒரே அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை படுத்துறங்கியதால்தான் கிருமி அப்படிப் பரவியது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

நடமாட்டக் கட்டுப்பாடு தளரவும் நெடுநாளானது. 2022 ஜூன் 24 முதல் விடுதிக்காரர்கள் பொதுவாக அனுமதியின்றி வெளியே போகலாம் என்றானது. ஞாயிறும் பொது விடுமுறையும் மட்டும் நான்கு இடங்களுக்குச் செல்ல முன்பதிவு அனுமதி வேண்டும் என்றார்கள்: சைனாடவுன், கேலாங் சிராய், லிட்டில் இந்தியா, ஜூரோங் கிழக்கு. முதல் மூன்றும் பழைய இன வரைபடத்தின் பெயர்கள். நான்காவது அரை நூற்றாண்டுக்கு முன் சதுப்பாக இருந்த இடம். நடந்தே போகக்கூடிய தூரத்தில் தங்கியிருப்பவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் கிழக்குக் கடைத்தெருவுக்கு அனுமதி தேவைப்பட்டது. தன் சொந்தப் பேட்டைக்கு ஒருவர் விருந்தாளியாகப் போக வேண்டியிருந்தது.

மாற்றங்கள் வருகின்றன. ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கென 2016இல் நடப்புக்கு வந்த சட்டம், 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கை உள்ள இடத்துக்கும் விரிந்தது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். அரசே கட்டிச் சொந்தமாக வைத்திருக்கும் முதல் விடுதிக்கு, 2,400 படுக்கைகளோடு, ஜூரோங் தொழிற்பேட்டையின் துக்காங் பகுதியில்தான் இடம் ஒதுக்கினார்கள். இவை எல்லாவற்றையும்விட 2025 ஜூலையில் வந்த ஒரு திருத்தத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பெர்மிட்காரர் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டது. வயது வரம்பும் 63 ஆனது. இருபத்திரண்டு வயதில் வரும் ஒருவர் இனி நாற்பது ஆண்டுகள் இங்கே உழைக்கலாம். தற்காலிகமாக வந்தவர் என்ற காரணத்தைச் சொல்லித்தான் இத்தனை காலமும் இவர்களை வட்டார நிர்வாகத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டை யாரும் தற்காலிகம் என்று சொல்ல முடியாது.

2025 பொதுத் தேர்தலுக்கு முன் ஜூரோங் குழுத்தொகுதியே கலைக்கப்பட்டு, ஜூரோங் ஈஸ்ட்-புக்கிட் பாத்தோக், வெஸ்ட் கோஸ்ட்-ஜூரோங் வெஸ்ட் என்று மறுவரையறை செய்யப்பட்டது. ஜூரோங் ஏரிப் பகுதியை நகரத்துக்கு வெளியே அமையும் மிகப் பெரிய வணிக வட்டாரமாக்கும் திட்டம் நடக்கிறது. ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்படவிருக்கிறது. பாதைக்குத் தூண் நடுபவர்களும் தண்டவாளம் போடுபவர்களும் விடுதிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று நான் இங்கே வாதாடவில்லை. அது வேறு விவாதம், நீண்ட விவாதம். வட்டார நிர்வாகம் இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. வட்டாரவாரி மக்கள்தொகை அட்டவணையில் விடுதிவாசிகளுக்கென ஒரு வரி சேர்க்கலாம். விடுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் நகர மன்றத்தையும் சமூக மன்றத்தையும் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேருந்து நேரத்தையும் கடை வசதியையும் கிளினிக்கையும் பேச வழி செய்யலாம். மூன்று இனத்தவரின் சடங்குக்கும் இடம் கொடுக்கும் கீழ்த்தளத்தை, பொங்கலன்று பெஞ்சுருக்காரர்களும் பதிவு செய்து எடுத்துக்கொள்ள விடலாம்.